பி.எல்.எம். 128-க்கு வந்துவிட்டால் டியூனிங் முடிந்ததா? – 1991 கமாரோ 305 டி.பி.ஐ.

2025 மார்ச் 8 – வாசகர் கேள்வி

அண்ணா, 1991 கமாரோ, 5 லிட்டர் 305 டி.பி.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் அமைப்பு), ஆட்டோமேட்டிக். டெக்சஸில் இருக்கிறேன். இன்ஜினில் எதுவும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் தரும் எண்களை லேப்டாப்பில் பதிந்து லாக் எடுத்தால் ஐடிலில் பி.எல்.எம். (கம்ப்யூட்டர் கற்று வைத்திருக்கும் பெட்ரோல் திருத்தம், திருத்தமே இல்லை என்றால் 128) 146, ஹைவேயில் 133. வி.இ. டேபிளில் (சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று சிப்பில் இருக்கும் பட்டியல்) ஐடில் பகுதியை 146/128 என்றும் மற்றதை 133/128 என்றும் பெருக்கிவிட்டால் எல்லாம் 128-க்கு வந்துவிடும், டியூனிங் முடிந்தது என்பது என் கணக்கு. சிப் எரிக்கும் (சிப்பில் புது எண்களை எழுதும்) கருவியும் வாங்கிவிட்டேன். சரிதானே?

2025 மார்ச் 8, இரவு

பெருக்கல் சரி. "முடிந்தது" என்பதுதான் சரியில்லை. சிப்பை இன்னும் எரிக்காதீர்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு ஏறியிருந்தால் ஒரே காரணத்தைத் தேடலாம். இங்கே ஐடிலில் ஒரு அளவு, ஹைவேயில் வேறு அளவு. அப்படியென்றால் காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அதில் ஒன்றாவது இரும்பிலோ ரப்பரிலோ இருக்கும் என்பது என் எண்ணம். தொழிற்சாலை டேபிள் அந்த இன்ஜினையே வைத்து அளந்து எழுதியது. கேம் மாற்றவில்லை, ஹெட் மாற்றவில்லை என்றால் அந்த எண்கள் 34 வருஷத்தில் தானாகத் தப்பாகிவிடாது. மாறியிருப்பது வண்டி.

என்னிடம் இருப்பது 1990 ஃபயர்பேர்ட். அதே 305, அதே கம்ப்யூட்டர். ஒஹாயோவில் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நிறுத்திவிட்டு மற்ற மாதங்களில் ஓட்டுகிறேன். இந்த வண்டியோடு பழகியதில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சிப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் வண்டியில் இருக்கும் பொருளை உள்ளபடி சொல்ல வேண்டும். பொருளில் உள்ள குறையை எண்ணில் மறைக்கக் கூடாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 9

பி.எல்.எம். என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1985 முதல் 1989 வரை வந்த டி.பி.ஐ. வண்டிகளில் காற்றை அளக்க மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் இருந்தது. 1990-இல் ஜி.எம். அதை எடுத்துவிட்டு ஸ்பீட் டென்சிட்டிக்கு மாறியது. 1990–92 கமாரோ, ஃபயர்பேர்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 1227730. இதற்குக் காற்றை நேராக அளக்க வழி கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை மேப் சென்சர் சொல்லும், ஆர்.பி.எம். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும், உள்ளே வரும் காற்றின் சூட்டை இன்னொரு சென்சர் சொல்லும். இந்த மூன்றையும் வைத்து "இவ்வளவு காற்று போயிருக்கும்" என்று கணக்குப் போடுகிறது. சிலிண்டர் உண்மையில் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பதுதான் வி.இ. டேபிள். காற்று தெரிந்தால் வேண்டிய பெட்ரோல் தெரியும். இன்ஜெக்டர் எவ்வளவு வேகத்தில் பெட்ரோல் விடும் என்ற எண்ணும் சிப்பில் இருக்கிறது. அதால் வகுத்தால் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்பது கிடைக்கும். இன்ஜெக்டர் திறப்பதற்கு ஆகிற தாமதத்தைப் பேட்டரி வோல்டேஜுக்குத் தக்கபடி அதோடு கூட்டிக்கொள்ளும்.

அப்புறம்தான் திருத்தம். எக்ஸாஸ்டில் ஒரே ஒரு ஆக்சிஜன் சென்சர். 450 மில்லிவோல்ட்டுக்கு மேலே என்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே என்றால் லீன் (பெட்ரோல் குறைவு). எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைப் பார்த்து உடனுக்குடன் ஏறி இறங்குவது இன்டெக்ரேட்டர். அது ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தால் அந்தச் சாய்வைப் பி.எல்.எம். வாங்கி நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடு எண் 128. 146 என்றால் 14 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகிறது என்று பொருள்.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அந்த சென்சர் பார்ப்பது புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மட்டும்தான். அந்த ஆக்சிஜன் சிலிண்டர் வழியாக வந்ததா, ஓட்டை வழியாக வந்ததா என்று அதற்குத் தெரியாது.

2025 மார்ச் 9, மதியம்

கேள்வி கேட்ட தம்பிக்கு: லேப்டாப்பை மூடிவிட்டு இதைப் பாருங்கள்.

சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் எண்ணைப் பாருங்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் என்றால் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு ஃபியூயல் ரெயிலில் கேஜ் மாட்டுங்கள். சாவி போட்டதும் பம்ப் 2 நொடி ஓடி நிற்கும். இன்ஜின் ஓடும்போது ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைக் கழற்றினால் 43 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வர வேண்டும், மாட்டினால் சில பி.எஸ்.ஐ. இறங்க வேண்டும். கழற்றிய குழாயை முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உங்களுக்கு லீன் பக்கம் சாய்வு என்பதால் அது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

2025 மார்ச் 12

தம்பி அனுப்பிய எண்கள்: மேப் 99, வேக்யூம் குழாய் இல்லாமல் 43, இருந்தால் 36, குழாய் காய்ந்திருக்கிறது. நல்ல செய்தி. பம்பும் ரெகுலேட்டரும் தப்பித்தன.

அப்படியானால் ஐடிலில் மட்டும் இவ்வளவு அதிகம் ஏன்? மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று வேக்யூம் லீக். ஆனால் ஸ்பீட் டென்சிட்டியில் வேக்யூம் லீக் வந்தால் மேனிஃபோல்டு அழுத்தமும் ஏறும், மேப் சென்சர் அதைப் பார்க்கும், அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் போய்விடும். ஐடில் ஆர்.பி.எம். ஏறும், ஐ.ஏ.சி. (ஐடிலில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) எண் கீழே விழும். ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள 1989 வண்டியில் இருப்பதுபோல லீனாக இங்கே தெரியாது. இதைப் பழைய வண்டி மெக்கானிக்குகள்கூட மறந்துவிடுகிறார்கள். "பி.எல்.எம். அதிகமா, கார்ப் கிளீனர் அடித்துப் பார்" என்பது இந்தக் கம்ப்யூட்டருக்கு முதல் அறிவுரையாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, இன்ஜெக்டர் திறக்கும் தாமதம். ஐடிலில் மொத்தத் திறப்பே ஓரிரு மில்லிசெகண்ட். தாமதக் கணக்கில் சின்னப் பிழை இருந்தாலும் அங்கே பெரிதாகத் தெரியும், ஹைவேயில் தெரியாது. ஆனால் உங்களிடம் அசல் இன்ஜெக்டர் என்கிறீர்கள்.

மூன்றாவது, என் சந்தேகம் முழுக்க இதில்தான்: ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. புகை துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும், அந்த நேரத்தில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். ஐடிலில் புகை குறைவு, அதனால் அந்தக் காற்றின் பங்கு அதிகம். ஹைவேயில் புகை நிறைய, பங்கு கரைந்துவிடும். உங்கள் 146, 133 இரண்டும் அப்படியே இந்தப் படத்தில் உட்காருகின்றன.

நாளைக் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு பக்கம் காதை வையுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்து சூடானதும் குறைந்தால் அதுதான். இந்த வி8-களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைவது சாதாரணம்.

2025 மார்ச் 12, கொஞ்ச நேரம் கழித்து

மிஸ்ஃபயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரியாத சிலிண்டர் தன் ஆக்சிஜன் முழுவதையும் அப்படியே வெளியே தள்ளும். சென்சர் லீன் என்று கத்தும், கம்ப்யூட்டர் மற்ற ஏழு சிலிண்டருக்கும் சேர்த்துப் பெட்ரோல் கூட்டும். பிளக் ஒயரை முதலில் பார்க்காமல் டேபிளைப் பார்க்கக் கூடாது.

2025 மார்ச் 15

ஒரு நண்பர் கேட்கிறார்: "ஓட்டை இருந்தால் என்ன, டேபிளைப் பெருக்கினாலும் அதே பெட்ரோல்தானே போகும்? கம்ப்யூட்டர் ஏற்கெனவே 14 சதவீதம் கூட்டித்தானே விடுகிறது?"

நல்ல கேள்வி. சூடான இன்ஜினில், சென்சர் வேலை செய்யும்போது, அதே பெட்ரோல்தான் போகும். இன்ஜின் உண்மையில் ரிச்சாக ஓடுகிறது, இனியும் ரிச்சாகவே ஓடும். வித்தியாசம் இரண்டு. காலையில் குளிரில் சென்சர் உயிர்பெறும் முன், இதுவரை அசல் டேபிள்படி போன பெட்ரோல் இனி 14 சதவீதம் கூடிவிடும். இரண்டாவது இன்னும் மோசம். இதுவரை 146 என்ற எண் "எங்கேயோ தப்பு" என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பெருக்கிய பிறகு 128 என்று காட்டும். பிளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வீணாகும், ஸ்கேனரில் மட்டும் எல்லாம் அழகாக இருக்கும். என்றைக்காவது யாராவது அந்த மேனிஃபோல்டு கேஸ்கெட்டை மாற்றினால் பி.எல்.எம். 117-க்கு விழும், அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இது நடக்காத கதை இல்லை. என் ஃபயர்பேர்டை வாங்கியபோது அதில் ஒரு கடையில் போட்ட சிப் இருந்தது. படித்துப் பார்த்தேன். 305-க்கு அசல் இன்ஜெக்டர் மணிக்கு 19 பவுண்டு. சிப்பில் 17.5 என்று எழுதியிருந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தால் அசல்தான். கேஜ் மாட்டினேன், வேக்யூம் குழாய் இல்லாமல் 37 பி.எஸ்.ஐ. இன்ஜெக்டர் விடும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 37-ஐ 43.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 0.92 வரும். 19-ஐ அதால் பெருக்கினால் 17.5. பம்ப் செத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றாமல், அந்தக் குறையைச் சிப்பில் எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். சாதாரணமாக ஓட்டினால் எதுவும் தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில் அழுத்தம் இன்னும் சரியும்போதுதான் பிஸ்டனுக்கு ஆபத்து. எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

பம்ப், ஃபில்டர் மாற்றி, எண்ணை 19-க்குத் திருப்பினேன். பி.எல்.எம். தானாக இடத்துக்கு வந்தது.

2025 மார்ச் 16

"அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் போட்டு அழுத்தத்தை ஏற்றினால் சிப்பே வேண்டாமே" என்று இன்னொருவர்.

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அழுத்தத்தை ஏற்றினால் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் பெட்ரோல் கூடும். பி.எல்.எம். அதைக் கழித்துவிடும். சில நாளில் சாதாரண ஓட்டத்தில் எதுவும் மாறியிருக்காது. இன்ஜெக்டரைப் பெரிதாக மாற்றியவர்கள் அழுத்தத்தைத் தெரிந்த ஒரு எண்ணில் நிறுத்த அது உதவும். டியூனிங் கருவியாக அதை நம்பாதீர்கள்.

2025 மார்ச் 22

தம்பி எழுதியிருக்கிறார்: டிரைவர் பக்கம் பின் போல்ட் உடைந்திருந்தது, கேஸ்கெட் கறுத்திருந்தது. மாற்றிவிட்டு ஓட்டியதில் ஐடிலில் 134, ஹைவேயில் 133. "இன்னும் 128 வரவில்லையே அண்ணா" என்று கவலை.

எனக்கு இதைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இப்போது இரண்டும் ஒரே எண். இனி தேட வேண்டியது ஒரே காரணம், அது எல்லா லோடிலும் ஒரே விகிதத்தில் இருக்கும் காரணம். அழுத்தம் சரி. பிறகு என்ன மிச்சம்? டேங்கில் இருப்பது.

அமெரிக்காவில் இன்று பம்பில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். சுத்தமான எத்தனாலுக்கு 9 போதும். 10 சதவீதக் கலவைக்கு 14.1-ஐ ஒட்டி வரும். 14.7-ஐ 14.1-ஆல் வகுத்து 128-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 133. உங்கள் கமாரோ ஆரோக்கியமாக இருக்கிறது. 1991-இல் எழுதிய சிப்பிடம் இந்தப் பெட்ரோலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2025 மார்ச் 22, இரவு

அப்படியானால் 133-ஐ என்ன செய்வது? என் ஃபயர்பேர்டில் நான் செய்தது: வி.இ. டேபிளைத் தொடவில்லை. சிப்பில் 8டி மாஸ்க்கில் (இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் நிரலின் பெயர்) ஸ்டாய்கியோமெட்ரிக் விகிதம், அதாவது பெட்ரோல் சரியாக எரிய ஒரு பங்குக்கு எத்தனை பங்கு காற்று வேண்டும் என்பது, தனி எண்ணாக இருக்கிறது. அதை 14.1 ஆக்கினேன். காற்றுக் கணக்கு காற்றைச் சொல்கிறது, பெட்ரோல் எண் பெட்ரோலைச் சொல்கிறது. ஓப்பன் லூப் (ஆக்சிஜன் சென்சரைக் கேட்காமல் ஓடும் நேரம்), பவர் என்ரிச்மெண்ட் (முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் கூட்டுவது) டேபிள்களையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே மட்டும் 4 சதவீதம் லீன்.

2025 மார்ச் 23

ராத்திரி யோசித்ததில், தம்பியின் வண்டிக்கு அதுகூட வேண்டாம் என்று தோன்றுகிறது. ஸ்டாக் வண்டி. 133 என்பது பி.எல்.எம். தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம், அதற்காகத்தான் ஜி.எம். அதை வைத்தது. எல்லைக்குப் பக்கத்தில் போகாத வரை அதைத் துரத்த வேண்டியதில்லை. சிப் எரிக்கும் கருவி வாங்கிவிட்டதால் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அசல் சிப்பைப் படித்து ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இப்போதே செய்ய வேண்டிய வேலை. 32 கிலோபைட் மட்டும்தான், மெயிலிலேயே போட்டு வைக்கலாம். சிப் உட்கார்ந்திருக்கும் மெம்கால் போர்டில் நாக் சென்சருக்கான (இன்ஜின் தட்டும் சத்தத்தைக் கேட்பது) ஃபில்டரும் இருக்கிறது, அதனால் போர்டைத் தூக்கி எறியாதீர்கள்.

2025 மார்ச் 29

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: "அண்ணா, என்னிடம் 2001 எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. இங்கே இப்போது 20 சதவீத எத்தனால். உங்கள் கணக்கு இதற்கும் பொருந்துமா?"

வேதியியல் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். 20 சதவீதக் கலவைக்கு விகிதம் 13.5-ஐ ஒட்டி வரும், அதாவது சுத்த பெட்ரோலுக்கு எழுதிய கணக்கோடு ஒப்பிட்டால் 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆக்சிஜன் சென்சர் நல்ல நிலையில் இருந்தால், சூடான இன்ஜினில் சீராக ஓட்டும்போது கம்ப்யூட்டர் அதைச் சமாளித்துவிடும். இடிக்கும் இடங்கள் சென்சரைக் கேட்காமல் ஓடும் நேரங்கள்: காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிஷம், மேட்டில் முழுதாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரம். குளிர்ந்த இன்ஜின் தயங்குகிறது, சூடானதும் சரியாகிறது என்றால் இது ஒரு காரணமாக இருக்கலாம். சென்சர் செத்துப்போன பழைய வண்டியில் அந்தச் சமாளிப்பும் கிடையாது, நாள் முழுக்க லீனாகவே ஓடும். அதனால் முதலில் சென்சரைச் சோதியுங்கள்.

மைலேஜ் குறைந்ததற்கு டியூனிங்கில் மருந்து இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6–7 சதவீதம் கணக்குப்படியே போய்விடும். டேங்கிலிருந்து ரெயில் வரை ரப்பர் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள், மெத்துமெத்தென்று இருந்தாலோ வெடித்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். சிப்பைவிட அதுதான் அவசரம்.

2025 மார்ச் 30

எத்தனால் பேச்சு வந்ததால் இன்னொன்று. நம் டி.பி.ஐ. வண்டிகளில் 1989-ஐ ஒட்டி வந்த மல்டெக் இன்ஜெக்டர்களின் காயில் எத்தனால் கலந்த பெட்ரோலில் நாளடைவில் கெடும். நல்ல நிலையில் 16 ஓம் காட்ட வேண்டும். குளிரில் ஒரு முறை, நன்றாக ஓட்டிவிட்டு வந்த சூட்டில் ஒரு முறை அளங்கள். குளிரில் நல்லதாகக் காட்டி சூட்டில் விழுகிற இன்ஜெக்டர்தான் ஆளை ஏமாற்றும்.

2025 ஏப்ரல் 5

"எல்லாவற்றையும் தொடாதே தொடாதே என்கிறீர்கள், பிறகு வி.இ. டேபிளை எப்போதுதான் தொடுவது?" இதைக் கேட்டவர் ஹெடரும் (அசல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் குழாய்கள்) கேமும் மாற்றியவர்.

இன்ஜின் காற்று இழுக்கும் விதமே மாறினால் தொட வேண்டும். கேம், ஹெட், ரன்னர் (காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் குழாய்), ஹெடர். டி.பி.ஐ.யின் நீளமான ரன்னர்கள் கீழ் ஆர்.பி.எம்.மில் நன்றாக நிரப்பும், மேலே போகப்போக மூச்சு முட்டும். அதை மாற்றினால் டேபிளின் வடிவமே மாறும். என் வண்டியில் கேம் மாற்றிய பிறகு நான் செய்த முறை இது.

இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகு எடுத்த லாக் மட்டும். குளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சரைக் கேட்டு ஓடும் நேரம்) என்று காட்டும் வரிகள் மட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நொடியையும் விடும் நொடியையும் நீக்கிவிடுவேன். மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும், விடும்போது பெட்ரோலையே நிறுத்தும், இரண்டும் டேபிளைப் பற்றி எதுவும் சொல்லாது. மிச்சத்தை ஆர்.பி.எம்., மேப் கட்டங்களில் போட்டு சராசரி எடுப்பேன். ஒரு கட்டத்தில் 56 என்று இருக்கிறது, பி.எல்.எம். சராசரி 136 என்றால் 56-ஐ 136-ஆல் பெருக்கி 128-ஆல் வகுக்க வேண்டும், 59.5 வரும். வண்டி கொஞ்ச நேரமாவது நின்று ஓடாத கட்டத்தைத் தொட மாட்டேன்.

கம்ப்யூட்டர் எப்போதும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு புள்ளியைத்தான் படிக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் தூக்கி நிறுத்தினால் அடுத்த முறை அதன் பக்கத்துக் கட்டம் எதிர்ப்பக்கம் சாயும். முப்பரிமாணப் படமாகப் போட்டுப் பார்த்து, மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். டியூனர்புரோ மென்பொருளில் அந்தப் படம் வரும். காற்று இழுக்கும் இன்ஜினில் திடீர்ப் பல் எதுவும் இருக்காது. படத்தில் பல் தெரிந்தால் லாக்கைச் சந்தேகப்படுங்கள்.

2025 ஏப்ரல் 6

நேற்று எழுதியதில் சேர்க்க வேண்டியது. பி.எல்.எம்.மை மட்டும் எடுக்காதீர்கள், அந்த நேரத்து இன்டெக்ரேட்டரையும் சேர்த்துப் பெருக்குங்கள். பி.எல்.எம். 136, இன்டெக்ரேட்டர் 124 என்றால் உண்மையான திருத்தம் 132-ஐ ஒட்டியது.

இன்னொன்று, பி.எல்.எம். நினைவுக் கட்டங்கள் 16 மட்டுமே. வி.இ. கட்டங்கள் அதைவிடப் பல மடங்கு. ஒரே பி.எல்.எம். கட்டத்துக்குள் பல வி.இ. கட்டங்கள் அடங்கிவிடும், ஒன்றின் பிழையை இன்னொன்றின் மேல் எழுதிவிடும். நுணுக்கமாகச் செய்ய நினைப்பவர்கள் பி.எல்.எம்.மின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் சிப்பில் 128 என்று வைத்து அதை நகரவிடாமல் நிறுத்துங்கள். பிறகு இன்டெக்ரேட்டரையோ வைட்பேண்ட் சென்சரையோ (எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகவே சொல்லும் ஆக்சிஜன் சென்சர்) வைத்து டேபிளைத் திருத்துங்கள். முடிந்ததும் எல்லைகளைப் பழையபடி திறந்துவிட வேண்டும்.

2025 ஏப்ரல் 19

முழு ஆக்சிலரேட்டர் பற்றி. பவர் என்ரிச்மெண்ட் தொடங்கியதும் கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சரைக் கேட்பதை நிறுத்திவிடும். ஆனால் பி.எல்.எம்.மை முழுதாக மறக்காது. அந்தக் கட்டத்தில் 128-க்கு மேல் இருந்தால் அந்தக் கூடுதலை முழு ஆக்சிலரேட்டருக்கும் கொண்டுபோகும். கீழே இருந்தால் 128 என்றே வைத்துக்கொள்ளும். லீன் ஆகாமல் காக்கும் ஏற்பாடு அது. தம்பியின் 133-ஐத் தொட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: எத்தனாலுக்கான 4 சதவீதம் முழு மிதியிலும் தானாகப் போய்விடும்.

அசல் நாரோபேண்ட் (ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும்) சென்சரின் மில்லிவோல்ட்டைப் பார்த்து, 900 வந்தால் நல்ல பவர் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பகுதியில் அதன் வோல்டேஜ் சென்சரின் சூட்டைப் பொறுத்தும் ஆடும். முழு மிதியில் டியூன் செய்ய வைட்பேண்ட் கட்டாயம் வேண்டும், பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வகை போதும். அதன் டயலில் தெரியும் எண் பெரும்பாலும் லாம்ப்டாவை (சரியாக எரிய வேண்டிய காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு காற்று இருக்கிறது என்ற விகிதம், 1 என்றால் சரி, குறைந்தால் ரிச்) 14.7-ஆல் பெருக்கிக் காட்டுவது. டேங்கில் எத்தனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 12.5 என்றால் லாம்ப்டா 0.85 என்று எடுத்துக்கொள்ளுங்கள். லாம்ப்டாவிலேயே பேசப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

2025 ஜூன் 14

தம்பியிடமிருந்து: "டெக்சஸ் வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷம் தடுமாறுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது."

காற்றுச் சூட்டு சென்சர் பிளீனத்தின் (ரன்னர்களுக்குக் காற்று கொடுக்கும் பெட்டி) அடியில் இருக்கிறது, கீழே கொதிக்கும் இன்ஜின். நிறுத்திய வண்டியில் சென்சர் நன்றாகச் சூடேறிவிடும். ஸ்டார்ட் செய்ததும் வெளியிலிருந்து வரும் காற்று அவ்வளவு சூடு இல்லை, ஆனால் சென்சர் இன்னும் பழைய சூட்டைச் சொல்கிறது. காற்று லேசாக இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது. சென்சரை ஏர் ஃபில்டர் குழாய்க்கு மாற்றுபவர்கள் உண்டு. தடுமாற்றம் குறையும், ஆனால் அசல் டேபிள் அந்தச் சூட்டையும் சேர்த்து எழுதப்பட்டது, அதனால் மற்ற எண்களும் நகரும். ஒரு நிமிஷத் தடுமாற்றத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

2025 ஜூலை 6

டென்வர் போய் வந்தவர் ஒருவர் அங்கே பி.எல்.எம். சில எண்கள் ஏறியதாக எழுதியிருக்கிறார். உயரத்தில் வெளி அழுத்தம் குறைவு, டென்வரில் சாவி ஆன் செய்தால் மேப் 83-ஐ ஒட்டித்தான் காட்டும். எக்ஸாஸ்டின் எதிர் அழுத்தமும் அதனால் குறைகிறது. பழைய புகை சிலிண்டரில் தங்குவது குறைந்து, அதே மேனிஃபோல்டு அழுத்தத்தில் கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே போகிறது. டேபிளில் எந்தத் தப்பும் இல்லை, இறங்கி வந்ததும் எண்ணும் இறங்கும்.

2025 ஆகஸ்ட் 2

தம்பி இப்போது ஹெடர் வாங்கிவிட்டார். நல்லது, இனி டேபிளைத் தொட நியாயமான காரணம் இருக்கிறது.

ஹெடரில் சென்சர் சிலிண்டரிலிருந்து தள்ளிப் போகும். அசல் ஒற்றை ஒயர் சென்சருக்கு ஹீட்டர் கிடையாது. ஐடிலில் ஆறிப்போய், கம்ப்யூட்டர் ஓப்பன் லூப்புக்கு விழும், பி.எல்.எம். நகராமல் நிற்கும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. ஹீட்டர் உள்ள மூன்று ஒயர் சென்சர் போடுங்கள். ஹீட்டர் ஒயரைச் சாவி ஆன் ஆனால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸிலிருந்து எடுங்கள்.

கேஸ்கெட்டில் கசிவு இல்லை என்று குளிர்ந்த ஸ்டார்ட்டில் கேட்டுப் பாருங்கள். புது போல்ட்களைச் சில நாள் ஓட்டிய பிறகு ஒரு முறை இறுக்குங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய பி.எல்.எம். நினைவு அழியும். அதற்குப் பிறகு எடுத்த லாக்கை அனுப்புங்கள், மேப், ஆர்.பி.எம்., பி.எல்.எம்., இன்டெக்ரேட்டர், கூலன்ட் சூடு ஐந்தும் இருக்கட்டும். சேர்ந்து பார்க்கலாம்.